தலையெழுத்து

ஒன்பதாம் தாளைத் திருப்பினால்
பின்பக்கம் மீன் எடைச்சீட்டு, என் கையெழுத்தில்:
காட் மீன், பெட்டி பதினாறு, நவம்பர்.
முன்பக்கம் பென்சிலில் நாலே அடி.

கையுறை இரண்டும் கயிற்றில் ஆடும்;
கடல்நீர் சொட்டி உப்பே மிஞ்சும்.
தாழிடாக் கதவைத் தாண்டும் பனியே;
அவன்வழி அறிந்தவன்; அவனே வருவான்.

இந்தத் துறையில் எடை போடுகிறவள் நான்.
பிப்ரவரி விருந்துக்கு மட்டும்
செய்யுளையும் என் தராசில் வைக்கிறார்கள்.
ஸ்டெய்ன்வோர் தயவு பார்க்க மாட்டாள் என்று
ஐஸ்லாந்தின் இந்த மூலையில் ஒரு பேச்சு.
உண்மைதான். பனிக்கட்டியைக் கழிக்காமல்
ஒரு மீனுக்கும் நான் எடை எழுதியதில்லை.

எங்கள் யாப்பு கொஞ்சம்தான்.
ஓரடியில் ஒரே ஒலியில் இரண்டு தூண்.
அடுத்த அடியின் வாசலில் அதே ஒலி
மூன்றாம் முறை வந்து நிற்க வேண்டும்.
அதற்குப் பெயர் தலையெழுத்து.
வலை இழுக்கிறவன் குடித்துவிட்டுக் கட்டினாலும்
அதை மறக்க மாட்டான்.

வடிவம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
கை, கயிறு, பிறகு கடல். சரி.
தாழ், தாண்டும், பிறகு
அவன்.
சீர் தட்டவில்லை. மோனை தட்டுகிறது.
தலையெழுத்து இல்லை. அரை மதிப்பெண் குறை.

சுவை என்ற கட்டத்தில்
'அமைதி' என்று எழுதி அடித்தேன்.
நவம்பரில் நனைந்த கையுறை
பிப்ரவரியிலும் சொட்டுமா?
இந்தக் குளிரில் கதவைத் தாழிடாதவர் யார்?
வினைமுற்று நாலையும் விரல்விட்டுப் பார்த்தேன்.
ஆடும், மிஞ்சும், தாண்டும், வருவான்.
இறந்தகாலம்
எங்குமே இல்லை.

திருத்திப் பார்ப்பது என் பழக்கம்.
தகரத்தில் தொடங்க வேண்டும், இரண்டே அசை.
'தானே' போட்டேன். அசட்டுத்தனம்.
'தாவி' என்றால் அவன் என்ன ஆட்டுக்குட்டியா?
நேர், நேர். தேமா. நேர், நேர் என்று
மேசையில் தட்டிக்கொண்டிருந்தபோது
பென்சில் தானே எழுதியது:

தோர்வி வழியறிந் தவனே வருவான்.

படகில் போனது மூவர்.
இருவர்தான் கரையேறினார்கள்.
பூட்டில் சாவி திரும்பிய சத்தம் என் காதில்.
ரப்பரால் அழித்தேன், தாள் நைந்துபோகும்வரை.

விருந்தில் படித்தேன். மற்ற செய்யுள்களுக்குச் சிரிப்பு,
ஒன்றுக்கு மேசைத் தட்டல். ஒன்பதாவது வந்தது.
தாழிடாக் கதவைத் தாண்டும் என்றதும்
கூடத்தில் அத்தனை பேர் நாக்கும்
பல்லின் பின்னால் போய் நின்றது.
பழக்கம். குழந்தைகளுக்கும் உண்டு.
மூன்றாவது தகரத்துக்குக் காத்து
நின்ற இடத்திலேயே நின்றது.
நான் 'அவன்' என்றேன்.

யாரும் எச்சில்கூட விழுங்கவில்லை.
அந்தப் பெயரை இருநூறு பேர்
சொல்லாமல் சொன்னதை
நான் பார்த்தேன்.

பத்துக்கு ஒன்பதரை. காரணத்தையும்
சத்தமாகப் படித்தேன்: தலையெழுத்து இல்லை.
படித்த பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று
எனக்கே கேட்டது.
பின்வரிசையில் டாக்ரூன் எழுந்து
கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.
அவளா என்று நான் யோசிக்கவில்லை.
யோசிக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

திங்கட்கிழமை ஓர்முர் பெட்டியோடு வந்தான்.
தோர்வியின் அப்பா. எழுத்தே வராது என்பார்கள்.
தராசு நிதானிக்கும்வரை முள்ளையே பார்த்தான்.
"அரை மதிப்பெண் குறைத்தது நியாயம்தான்" என்றான்.
"எழுதினவருக்கு வேறு தகரச் சொல்லா கிடைக்கவில்லை?"
"கிடைக்கும். பொருந்தாது" என்றேன்.

மூக்கை உறிஞ்சினான். கையில் உறை இல்லை.
நாற்பத்தொரு கிலோ என்று படித்தேன்.
"பனியைக் கழி" என்றான்.
கழித்தேன். முப்பத்தெட்டு.